பழைய பிராடோவில் கேம்பர் டிரெய்லர் இழுக்கணும்: எதை முதலில் செய்வது?

தாமிரபரணி (சனி இரவு)

எல்லாருக்கும் வணக்கம். நான் மெல்பன் மேற்குப் பக்கம், டார்னீட். மூணு வாரம் முன்னாடி 2008 டொயோட்டா பிராடோ 120 ஒண்ணு வாங்கினேன். ஜி.எக்ஸ்.எல், 3.0 டீசல், ஆட்டோ கியர். ஓடினது 2,31,000 கி.மீ. வண்டி மேல கடன் இருக்கான்னு காட்டற பி.பி.எஸ்.ஆர். பதிவேட்டுல தேடிப் பார்த்தாச்சு, பாக்கி எதுவும் இல்லை. ரோடுவொர்த்தி சான்றிதழும் கொடுத்தாங்க. போன வெள்ளிக்கிழமை கேரம் டவுன்ஸ் கோயில்ல பூஜை போட்டு எலுமிச்சம்பழமும் நசுக்கியாச்சு.

நான், மனைவி, ரெண்டு பசங்க (12, 8). கூடவே ஒரு பழைய கேம்பர் டிரெய்லர் பேசி முடிச்சிருக்கேன். வெறும் எடை 1,050 கிலோ, சாமான் ஏத்தி அதிகபட்சம் 1,500 கிலோ. பிரேக் உள்ள டிரெய்லரா இருந்தா பிராடோ 2,500 கிலோ வரை இழுக்கும்னு புத்தகத்துல இருக்கு. அதனால வண்டிக்கு இது லேசுன்னுதான் நினைக்கிறேன். பொங்கல் சமயத்துல கிராம்பியன்ஸ் மலைக்குப் போகணும்னு பசங்க இப்பவே நாள் எண்ணிக்கிட்டு இருக்காங்க.

கையில 8,000 டாலர் ஒதுக்கியிருக்கேன். என் பட்டியல்: இரும்பு புல் பார், 2 இஞ்ச் லிஃப்ட், ஸ்நோர்கல், பின்னாடி டிராயர், பசங்க படுக்க ரூஃப் டென்ட், எல்.இ.டி. பார். எதை முதல்ல போடலாம்? காலையில முதல் ஸ்டார்ட்ல மட்டும் ஒரு கடகட சத்தம் வருது, அரை நிமிஷத்துல நின்னுடுது. டீசல்னா அப்படித்தான்னு வித்தவர் சொன்னார்.

வடமராட்சி (சனி இரவு)

தம்பி, பட்டியலை ஒருக்கா ஓரமா வையுங்கோ. அந்தக் கடகட சத்தத்தைப் பற்றித்தான் முதல்ல கதைக்க வேணும்.

நான் டண்டினோங்கில இருபது வருசத்துக்கு மேல டீசல் வேலை செய்யிறன். உங்கட எஞ்சின் 1கே.டி. நல்ல எஞ்சின்தான், ஆனா அதுக்கு ஒரு பழைய வருத்தம் இருக்கு. டீசல் பீச்சிற இன்ஜெக்டருக்கு அடியில ஒரு சின்ன செம்பு வாஷர். அது வடிவா இருக்கேல்லையெண்டா எரிஞ்ச வாயு மேல கசிஞ்சு ஒயிலுக்குள்ள வரும். ஒயில் கட்டிக் கரியாகிக் கீழ இறங்கி, சம்புக்குள்ள, அதாவது எஞ்சினின்ர அடி ஒயில் தொட்டிக்குள்ள, ஒயில் உறிஞ்சிற வலையில போய் ஒட்டும். வலை அடைபட்டா ஒயில் மேல போகாது. லைற் பத்தேக்குள்ள பெயறிங் முடிஞ்சிடும். ஏத்தத்தில பாரம் இழுக்கிற நேரம்தான் இது நடக்கிறது. ரோடுவொர்த்திக்காரர் ரயர், பிரேக், லைற் எல்லாம் பார்ப்பினம், எஞ்சினுக்குள்ள என்ன கிடக்கெண்டு பார்க்க மாட்டினம்.

செய்ய வேண்டியது இதுதான். ஒயில் மாத்தேக்க சம்ப் போல்ற் ஓட்டையால ஒரு சின்னக் கமராவை விட்டு அந்த வலையைப் பாருங்கோ. கமரா நாப்பது ஐம்பது டொலருக்கு வாங்கலாம். பேந்து ஸ்கானர் போட்டு, எஞ்சின் சூடாகி ஐடில்ல நிக்கேக்க நாலு இன்ஜெக்டரின்ர பீட்பாக் எண்ணையும் (கொம்பியூட்டர் ஒவ்வொண்டுக்கும் டீசலைக் கூட்டிக் குறைக்கிற அளவு) பாருங்கோ. பிளஸ் 3, மைனஸ் 3 தாண்டியிருந்தா அது களைச்சுப் போச்செண்டு அர்த்தம்.

உதுகள் பாக்காமல் ஒரு சதமும் வெளிச் சாமானுக்குச் செலவழிக்காதேங்கோ.

மலைப்பாதை (ஞாயிறு காலை)

அண்ணன் சொல்றது சரி, எஞ்சின் முதல்ல. ஆனா புல் பாரை அவ்வளவு லேசா ஒதுக்க வேண்டாம். ரெண்டு வருஷம் முன்னாடி டண்கெல்டுக்கு வெளியே அந்தி நேரத்துல ஒரு கங்காரு குறுக்கே பாய்ஞ்சது. ரேடியேட்டர் போச்சு, ஃபேன் போச்சு. கைக்குழந்தையோட மூணு மணி நேரம் ரோட்டோரத்துல நின்னோம், போன்ல சிக்னல் இல்லை. அதுக்கப்புறம் புல் பார் இல்லாம நான் மெல்பனைத் தாண்டுறதில்லை.

கூடாரம் (ஞாயிறு மதியம்)

கங்காரு பயம் நிஜம்தாங்க. நாங்க அதுக்கு வேற வழி வச்சிருக்கோம்: சூரியன் சாயறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே முகாம்ல இருப்போம், விடிஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் கிளம்புவோம். டிரெய்லர் மாட்டின பிறகு ராத்திரி ஓட்டறதே இல்லைங்க.

தாமிரபரணி, நீங்க 2,500 கிலோன்னு சொன்னது இழுக்கற எடை. உங்களை மடக்கப்போறது அது இல்லை. வண்டியோட சொந்த எடையும் அது சுமக்கறதும் சேர்ந்த மொத்த எடைக்கான எல்லை, ஜி.வி.எம்., அதுதான். ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒரு தகடு இருக்கும், அதைப் படிச்சு வச்சுக்கங்க. ஆளு, டீசல், ஃபிரிட்ஜ், புல் பார், டோ பார் எல்லாம் அதுல அடங்கணும். டிரெய்லர் மூக்கு உங்க டோ பால் மேல உட்கார்ற எடையும் அதே கணக்குலதான் வரும். பல பேர் இதை மறந்துடறாங்க.

பட்டியல்ல இருக்கறதைக் கூட்டிப் பாருங்க. இரும்பு புல் பார் அம்பது அறுபது கிலோ, டிராயர் அறுபது, ரூஃப் டென்ட் இன்னொரு அறுபது. கிட்டத்தட்ட ரெண்டு பெரியவங்களைக் கூடுதலா ஏத்தற மாதிரி ஆச்சு. டிரெய்லர்லயே படுக்க இடம் இருக்கும்போது மேல எதுக்குங்க டென்ட்?

தாமிரபரணி (அடுத்த சனி)

ஒரு வாரமா பதில் எழுத முடியலை, மன்னிச்சுக்கோங்க. வடமராட்சி அண்ணே, கமரா வாங்கிப் பார்த்தேன். பார்த்ததும் வயித்தக் கலக்கிடுச்சு.

பழைய ஆயில் வடிஞ்ச பிறகு ஓட்டை வழியா விட்டேன். வலை வட்டமா தெரியணும், இல்லையா? எனக்குத் தெரிஞ்சது பாதி வட்டம்தான். மீதிப் பாதியில காபிப் பொடி நனைஞ்சு காஞ்ச மாதிரி கறுப்பா அப்பியிருந்துச்சு. கம்பியால தொட்டா பொலபொலன்னு உதிருது. அன்னைக்கே வண்டியை நிறுத்திட்டேன், அப்புறம் டோ டிரக்லதான் ஒர்க்‌ஷாப் போச்சு.

பீட்பாக் எண்: முதல் சிலிண்டர் +3.9, மூணாவது −3.4, மத்த ரெண்டும் 2க்குள்ள. வால்வு மூடியைத் திறந்தா நாலுல மூணு இன்ஜெக்டரைச் சுத்தி தார் மாதிரி கறுப்புக் கட்டி.

டைமிங் பெல்ட் விஷயத்துலயும் ஒரு ஏமாத்தம். 1,52,000ல மாத்தினதா சர்வீஸ் புத்தகத்துல முத்திரை இருக்கு, ஆனா ரசீது இல்லை. மெக்கானிக் மூடியைக் கழட்டிக் காட்டினார்: பெல்ட்டுல எழுத்தெல்லாம் தேஞ்சு போய், பின்பக்கம் பூரா சின்னச் சின்ன வெடிப்பு. இது எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடின பெல்ட் இல்லைன்னார். 1,50,000க்கு ஒரு தடவை டாஷ்போர்டுல எரியற டி-பெல்ட் விளக்கை மட்டும் அணைச்சு விட்டிருக்காங்க போல. முத்திரை குத்தினது யாருன்னு இனிமே தேடி என்ன ஆகப்போகுது. அறுந்திருந்தா எஞ்சினே போயிருக்கும், அதை நினைச்சாத்தான் கோபம் அடங்க மாட்டேங்குது.

வடமராட்சி (சனி இரவு)

கடவுள் காப்பாத்தினார். நாலு இன்ஜெக்டரையும் ஒண்டா மாத்துங்கோ, ரெண்டை மட்டும் மாத்திக் காசு மிச்சம் பிடிக்கப் பாக்காதேங்கோ. வாஷரும் எல்லாம் புதுசு. சம்பைக் கழட்டி வலையைக் கழுவிப் பூட்டுங்கோ. பிறகு ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருக்கா ஒயில் மாத்தினாக் காணும். பெல்ற் மாத்தேக்க வோட்டர் பம்மையும் சேர்த்துச் செய்யுங்கோ.

இன்னொண்டு: றேடியேற்றர். உங்களுக்கு இருக்கிறது முதல் வந்த றேடியேற்றரோ? கியர் ஒயிலைக் குளிராக்கிற குழாய் அந்த றேடியேற்றரின்ர கீழ்த் தொட்டிக்குள்ளாலதான் போகுது. வருசம் போக உள்ளுக்க வெடிச்சால் கூலண்டும் கியர் ஒயிலும் கலந்திடும். மூடியைத் திறந்தா ரோஸ்மில்க் மாதிரி இருக்கும். ரோஸ்மில்க் கண்டால் கியர்பொக்ஸ் முடிஞ்சுது, அதுக்கு 5,000 டொலருக்கு மேல. றேடியேற்றர் சில நூறு டொலர்தான். பதினேழு வருசத்துப் பிளாஸ்ரிக்கை நம்பிப் பாரம் இழுக்க ஏலாது.

தாமிரபரணி (ஞாயிறு)

கூலண்ட் இப்போ சுத்தமாத்தான் இருக்கு, ஆனா ரேடியேட்டர் பழசுதான். மாத்திடறேன். கியர் ஆயிலுக்கு வெளியில தனி கூலர் போடச் சொல்றாங்க. ரேடியேட்டர் குழாயை முழுசா விட்டுட்டு வெளிக்கூலர் மட்டும் போதுமா, இல்லை ரெண்டும் வேணுமா?

மலைப்பாதை (ஞாயிறு)

நான் ரேடியேட்டரை முழுசா விட்டுட்டேன். கலக்கறதுக்கு வழியே இல்லைன்னா ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம். ஹோதம் பக்கம் பனிக்காலத்துல போனா ஆயில் சூடாக நேரம் எடுக்கும், அவ்வளவுதான். முதல் பத்து நிமிஷம் மெதுவா ஓட்டுவேன்.

வடமராட்சி (ஞாயிறு)

நான் ரெண்டையும் தொடரா வைக்கிறன்: முதல்ல புது றேடியேற்றர், பிறகு வெளிக்கூலர். ஒயில் வேணுங்கிற சூட்டுக்குக் கெதியா வரும், வந்த பிறகு அதைத் தாண்டாது. றேடியேற்றர் புதுசெண்டால் பயமில்லை. மலைப்பாதை தம்பி சொல்லுறதும் பிழையில்ல, மெல்பனைச் சுத்தி ஓடுறவைக்கு அதுவும் சரி. ஆனா கியர் ஒயில் டொயோட்டாவின்ர டபிள்யூ.எஸ். வகையாய் இருக்க வேணும். இந்தக் கியர்பொக்ஸில டிப்ஸ்ரிக் இல்லை, குறிச்ச சூட்டில வைச்சு ஓட்டையால வழிய விட்டுத்தான் அளவு பார்க்கிறது. இது தெரியாத ஆளிட்டக் குடுக்காதேங்கோ.

கூடாரம் (திங்கள்)

பிரேக் பத்தி யாரும் பேசலை. டிரெய்லரோட ஜி.டி.எம். (மாட்டினப்போ அதோட சக்கரத்துல இறங்கற அதிகபட்ச எடை) 750 கிலோ தாண்டினா ஆஸ்திரேலியா பூராவும் அதுக்குத் தனி பிரேக் இருந்தாகணும். 2,000 வரைக்கும் ஒரு அச்சுல இருந்தாப் போதும். அதுக்கு மேல எல்லாச் சக்கரத்துலயும் வேணும், டிரெய்லர் கழண்டுட்டா தானே பிடிக்கற அமைப்பும் வேணும். உங்களுது எலக்ட்ரிக் பிரேக்கா? அப்படின்னா வண்டிக்குள்ள கண்ட்ரோலர் இல்லாம அது வெறும் இரும்புதாங்க.

கண்ட்ரோலர் போட்டதும் ஆளில்லாத நேரான ரோட்டுல நாப்பது வேகத்துல போய் அதோட பொத்தானை மட்டும் அமுக்கிப் பாருங்க. டிரெய்லர் வண்டியைப் பின்னாடி இழுத்துப் பிடிக்கணும், ஆனா டயர் பூட்டிக்கிட்டுத் தேயக் கூடாது. அந்த இடத்துல நிறுத்திக்கங்க.

இந்தப் பொத்தான் எங்க இருக்குன்னு உங்க வீட்டம்மாவுக்கும் தெரிஞ்சிருக்கணும். டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிச்சா கார் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு, ஸ்டியரிங்கை நேராப் பிடிச்சுக்கிட்டு, அந்தப் பொத்தானை அமுக்கணும். டிரெய்லர் பின்னாடி இருந்து இழுத்து நேராக்கிடும். யேயா பக்கம் காத்துல எனக்கே ஒரு தடவை ஆச்சு. சாமானெல்லாம் டிரெய்லரோட வால்பக்கம் அடுக்கியிருந்தோம், அதுதான் காரணம். மூக்கு எடை மொத்தத்துல பத்துல ஒரு பங்கு இருக்கணும். அன்னைக்கு எங்களுது அதுல பாதிதான் இருந்திருக்கும்.

தாமிரபரணி (மூணு வாரம் கழிச்சு)

வேலை முடிஞ்சுது. கேக்கறவங்களுக்கு உதவும்னு கணக்கை அப்படியே போடறேன். இன்ஜெக்டர் நாலு, வாஷர், சம்ப் சுத்தம் 3,150. பெல்ட், வாட்டர் பம்ப் 780. ரேடியேட்டர், ஹோஸ், தெர்மோஸ்டாட் 620. கியர் கூலர், ஆயில் 690. முன்பின் டிஸ்க், பேட் 640. பிரேக் கண்ட்ரோலர் 520. டயர் நாலு 1,280. டிரெய்லர் பாட்டரிக்கு ஆண்டர்சன் பிளக், கேபிள் 180. மொத்தம் 7,860. மிச்சம் 140 டாலர். பட்டியல்ல இருந்த ஒரு சாமான் கூட வாங்கலை. வெளியில இருந்து பார்த்தா வண்டி வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கு. காலையில சாவியைத் திருப்பினா சத்தமில்லாம எழுந்திருக்கு.

டிரெய்லர் பாட்டரிக்குப் போற கேபிளைப் பத்தி ஒரு வார்த்தை. 6 பி அண்ட் எஸ், அதாவது 13.5 சதுர மி.மீ. கேபிள்தான் போட்டேன். முன்னாடி இருந்தவர் டிரெய்லர் விளக்குக்கு வர்ற மெல்லிசு ஒயர்ல இருந்தே ஃபிரிட்ஜுக்கு எடுத்திருந்தார். முன்னாடி 14 வோல்ட், பின்னாடி போய்ச் சேர்றப்போ 12கூட இல்லை. பாட்டரி எப்படி ஏறும்?

இன்னைக்குக் காலையில எல்லாச் சாமானும் ஏத்தி, ரெண்டு டேங்கும் நிரப்பி, பசங்களையும் உட்கார வச்சு எடைமேடைக்குப் போனேன். சீட்டைப் பார்த்து எழுதறேன்.

டிரெய்லர் இல்லாம: முன் அச்சு 1,210, பின் அச்சு 1,470, மொத்தம் 2,680.
டிரெய்லர் மாட்டி: முன் 1,146, பின் 1,684, மொத்தம் 2,830. டிரெய்லர் சக்கரத்துல 1,270.

ஜி.வி.எம். எல்லைக்கு இருபது கிலோதான் மிச்சம்! புல் பாரும் டிராயரும் போட்டிருந்தா? ஒண்ணு மட்டும் புரியலை. மூக்கு எடை 150 கிலோ. ஆனா பின் அச்சுல 214 ஏறியிருக்கே, எப்படி?

வடமராட்சி (சனி)

தம்பி, சீசோப் பலகைதான். டோ போல் பின் அச்சுக்குப் பின்னால ஒரு 1.2 மீற்றர் தள்ளி நிக்குது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில 2.79 மீற்றர். அங்க 150 கிலோவை வைச்சால் பின் சில்லைத் தாங்கலா வைச்சு முன்னால தூக்கும். 150ஐ 1.2ஆல பெருக்கி 2.79ஆல பிரியுங்கோ, கிட்டத்தட்ட 64 வரும். முன்னால குறைஞ்சதும் 64தான், பாருங்கோ: 1,210 இல இருந்து 1,146. அந்த 64 பின்னுக்குப் போய் 150ஓட சேர்ந்து 214. முன் சில்லுதான் திருப்புறதும் பிரேக் பிடிக்கிறதும். அதில பாரம் குறைஞ்சால் ஸ்ரியறிங் லேசாய்ப் போகும்.

உங்கட பின் ஸ்பிரிங் 2,30,000 ஓடிக் களைச்சிருக்கும். அடுத்த சம்பளத்தில கொஞ்சம் பலமான ஸ்பிரிங் போடுங்கோ, அதே உயரத்தில. ஆனா ஒண்டை வடிவா விளங்கிக்கொள்ளுங்கோ: ஸ்பிரிங்கோ காத்துப் பையோ போட்டால் பின்பக்கம் நிமிரும், தகட்டில இருக்கிற எல்லை கூடாது.

தாமிரபரணி (சனி)

இப்போ தெளிவாப் புரியுது அண்ணே. இன்னொரு சிக்கல். பொங்கலுக்கு ஊர்ல இருந்து அப்பா அம்மா வர்றாங்க. பிராடோல ஏழு சீட் இருக்குன்னு தைரியமா வாங்கன்னு சொல்லிட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து 117 கிலோ, பெட்டி வேற.

கூடாரம் (சனி)

கிராம்பியன்ஸ்ல இருக்கற ஹால்ஸ் கேப் உங்க வீட்டுல இருந்து 250 கி.மீ. கூட வராது. எதுக்குங்க 180 லிட்டர் டீசல்? லிட்டருக்கு 0.84 கிலோ வச்சாலும் பின் டேங்க் 93 லிட்டர் 78 கிலோ ஆச்சு. அதைக் காலியா விடுங்க. டிரெய்லரோட நூறு கிலோமீட்டருக்கு 16 லிட்டர் குடிச்சாலும் முன் டேங்க்ல தாராளமாப் போய்ச் சேரலாம். அப்பவும் 98தான் கிடைக்கும், 117க்குப் போதாது. ரெண்டாவது கார் இருக்கா? பெரியவங்களை அதுல கூட்டிட்டு வாங்க. சாமான் நடுவுல மூணாவது வரிசையில உட்கார வச்சா அவங்க முழங்கால் என்னத்துக்கு ஆகும்!

2024 டிசம்பர் தீயில கிராம்பியன்ஸ் காடு நிறைய எரிஞ்சது. எந்த முகாம் திறந்திருக்குன்னு பார்க்ஸ் விக்டோரியாவில பார்த்துட்டு பதிவு பண்ணுங்க. பொங்கல் வைக்க விறகை நம்பாதீங்க. முழுத் தீத்தடை நாள்ல நெருப்பு மூட்டவே கூடாது.

தாமிரபரணி (சனி)

மனைவியோட கொரோலா இருக்கு. அக்கா பையன் பல்லாரட்ல படிக்கிறான், புதுசா லைசென்ஸ் எடுத்தவங்களுக்கான சிவப்பு பி பலகை. அவன் பிராடோவைக் கொஞ்ச தூரம் ஓட்டட்டுமான்னு கேக்கறான்.

மலைப்பாதை (சனி)

விக்டோரியாவில சிவப்பு பி வச்சிருக்கறவங்க டிரெய்லர் இழுக்கக் கூடாது. பச்சை பி வந்த பிறகு பார்க்கலாம். தாத்தா பாட்டியோட கொரோலாவை ஓட்டச் சொல்லுங்க.

தாமிரபரணி (ஜனவரி, பொங்கல் கழிஞ்சு)

போயிட்டு வந்துட்டோம். முதல் பரிட்சை பாக்கஸ் மார்ஷ் தாண்டி பென்ட்லண்ட் ஹில்ஸ் ஏத்தம். ஸ்கானரை டாஷ்ல மாட்டி கியர் ஆயில் சூட்டைப் பார்த்துக்கிட்டே போனேன். 'டி'யில விட்டப்போ அஞ்சுக்கும் நாலுக்கும் மாறி மாறித் தடுமாறினுச்சு, சூடு 94ல இருந்து 111க்கு ஏறிடுச்சு. நாலாம் கியர்ல பிடிச்சு வேகத்தை 80க்குக் குறைச்சேன். எஞ்சினையும் கியரையும் இணைக்கற கன்வர்ட்டர் பூட்டிக்கிச்சு, உச்சிக்குப் போறதுக்குள்ள 98க்கு இறங்கிடுச்சு. கூலண்ட் முள் அசையவே இல்லை. பின்னாடி லாரிக்காரர் பொறுமையா வந்தார், மேல ஏறினதும் ஒதுங்கி வழி விட்டேன்.

முகாம்ல கேஸ் அடுப்புலதான் பொங்கல். பானை பொங்கினப்போ அப்பா போட்ட குலவையில பக்கத்து டென்ட்டுக்காரங்க எழுந்து வந்துட்டாங்க, அவங்களுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தோம். அம்மா ராத்திரி டிரெய்லர் மெத்தையில படுத்துக்கிட்டு, நம்ம வீட்டு மொட்டை மாடி மாதிரி இருக்குன்னாங்க.

திரும்பி வர்ற வழியில அராரட்ல நிறுத்தி, டிரெய்லர் சக்கர நடுப்பகுதியைத் தொட்டுப் பார்த்தேன். இடது பக்கம் இளஞ்சூடு. வலது பக்கம் கை வைக்க முடியலை. அங்க இருந்து 70லதான் வந்தேன்.

வடமராட்சி (அன்றிரவு)

நல்லாச் செய்தீங்கள். பெயறிங் எண்டு உடன முடிவெடுக்காதேங்கோ. ஜக் போட்டு அந்தச் சில்லைக் கையால சுத்துங்கோ. உரசிக்கொண்டு சுத்தினால் பிரேக் சூ இறுக்கமாய் இருக்கு, அட்ஜஸ்ரரைத் தளர்த்தினாக் காணும். கரகரவெண்டாலோ, மேல கீழ ஆட்டேக்க ஆடினாலோதான் பெயறிங். அப்பிடியெண்டா ரெண்டு பக்கமும் மாத்திப் புதுக் கிறீஸ் அடைஞ்சு விடுங்கோ. ஒரு சோடி பெயறிங் வாங்கி ட்ரெயிலர் பெட்டியில போட்டு வைக்கிறதும் நல்லது.

தாமிரபரணி (அன்றிரவு)

சரி அண்ணே. நாளைக்குச் சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்ததும் தூக்கிச் சுத்திப் பார்க்கிறேன். சின்னவன் டார்ச் பிடிக்கிறேன்னு இப்பவே சொல்லி வச்சிருக்கான். படம் எடுத்து இங்கேயே போடறேன்.